என் வீட்டுக்காரர் தோற்ற வார்டு

எங்க வீட்டுக்காரர் மாடசாமி கவுன்சிலர் தேர்தல்ல மூணு தடவை நின்னு மூணு தடவையும் தோத்தவர். இதை நான் ஊரறியச் சொன்னாலும் கோபப்பட மாட்டார். தோத்த கதையை அவரே டீக்கடையில நின்னு ஜெயிச்ச மாதிரி சொல்லுவார். கேக்கறவங்களும் கடைசிவரைக்கும் கேட்டுட்டு, "அப்ப யாருங்க ஜெயிச்சது?"ன்னு கேப்பாங்க.

அவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எனக்கு ஊத்தங்கரை பக்கம் கல்லாவி. ஓசூர் சிப்காட்டுல ஒரே கம்பெனியில அவர் மெயின்டனன்ஸ், நான் பேக்கிங். எங்க கன்வேயர் அடிக்கடி நின்னு போகும், அவர் அடிக்கடி வந்து சரி பண்ணுவார். நிக்காதப்பவும் வந்து சரி பண்ண ஆரம்பிச்சதும் எங்க சூப்பர்வைசரம்மா கல்யாணத்தைப் பேசி முடிச்சுட்டாங்க. அப்புறம் கம்பெனியை மூடிட்டான். இவர் நாங்க குடியிருந்த காலனியிலேயே மோட்டார் காயில் கட்டுற கடை போட்டார். கை சுத்தமான வேலைக்காரர். கடையை ஒழுங்காத் திறந்திருந்தா நாங்க எங்கயோ போயிருப்போம்.

எங்க திறந்தார்? ஒரு கோடையில காலனி டிரான்ஸ்பார்மர் வெடிச்சுப் போச்சு. ஜனங்களைக் கூட்டிக்கிட்டு இ.பி. ஆபீசுக்குப் போய் வாசல்ல உக்காந்து, சாயங்காலத்துக்குள்ள புதுசு வாங்கிட்டு வந்துட்டார். சனங்க அவரைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்துச்சு. அன்னைக்குத் தோள்ல ஏறுனவர்தான், மனசளவுல இறங்கவே இல்லை. சாக்கடை, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், நாய் தொல்லை, எல்லாம் அவர் தலையில. எங்க பொண்ணு லாவண்யாவுக்குக் காது குத்துற அன்னைக்குத் தாய்மாமன் மடியில குழந்தை அழுவுது, அப்பன்காரன் குடிதண்ணிக் குழாய் உடைஞ்ச எடத்துல நிக்கறார். ராத்திரிச் சோறு ஆறிப் போகும். நான் தட்டைப் போட்டு மூடி வெச்சுட்டுச் சுவரைப் பார்த்து உக்காந்திருப்பேன். எனக்கு நகை நட்டு கேக்கத் தெரியாது. எனக்கு வேணும்னு இருந்தது ஒண்ணுதான், ராத்திரிச் சோத்துக்கு அந்த மனுசன் என் எதிர்ல உக்காரணும்.

முதல் தேர்தல்ல சீப்பு சின்னம். அவருக்கு அப்பவே முன்மண்டை வழுக்கை. சீப்பைத் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரிச்சாங்க, ஓட்டை ராஜப்பனுக்குப் போட்டாங்க. ராஜப்பன் உள்ளூர்க்காரர். வீட்டுல தெலுங்கு, கடைவீதியில கன்னடம், மேடையில தமிழ்னு வெளுத்து வாங்குவார். ரெண்டாவது தடவையும் அவரே ஜெயிச்சார். மூணாவது தடவைக்குள்ள எங்க பக்கம் வாடகைக்கு வரிசையாக் கட்டின லைன் வீடுங்க நிறைய வந்துருச்சு. மாடசாமி ஊர்ப் பக்கத்திலிருந்து கம்பெனிக்கு வந்த சனங்க. அத்தனை பேரும் "அண்ணாச்சி, நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்"னு கையில அடிச்சுச் சொன்னாங்க. இவர் ஷிப்டு ஷிப்டாக் கம்பெனி பஸ் நிக்கிற எடத்துல போய்க் கும்பிட்டார். காலனியில யார் வீட்டுல பேசினாலும் மாடசாமி பேச்சுதான். எனக்கே ஒரு நிமிசம் பயம் வந்துருச்சு, இந்த மனுசன் ஜெயிச்சுத் தொலைச்சுட்டா என்ன பண்றதுன்னு.

ஓட்டுப் போடறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசியா ஒரு சுத்து சுத்தலாம்னு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கார். அங்க பார்த்தா லைன் வீட்டு சனம் பூரா பையும் மூட்டையுமா திருநெல்வேலி பஸ்ல ஏறுது. உள்ளாட்சித் தேர்தல் நம்ம ஊர்ல மட்டுமா நடக்குது? அங்க அவங்க ஊர் பஞ்சாயத்துக்கும் அதே சமயம்தான். சித்தப்பன் நிக்கறார், மச்சினன் நிக்கறார். ஓட்டு இருக்கறது அங்கதான். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "கவலப்படாதீங்க அண்ணாச்சி, நீங்க ஜெயிச்சிருவீங்க"ன்னு கையை ஆட்டிட்டுப் போறாங்க. இவங்களுக்கு இங்க ஓட்டு இருக்கா இல்லையான்னு இந்த மனுசன் ஒரு தடவைகூட விசாரிக்கலை. இங்க சோறு திங்கறவங்களுக்கு இங்கதானே ஓட்டு இருக்கும்னு நினைச்சுட்டார். அதுக்கு மேல என்ன பண்ணார்ங்கறீங்க? அவங்க மூட்டையைத் தூக்கிப் பஸ்ல வெச்சு, குழந்தைக்காரிங்களுக்கு சீட்டுப் பிடிச்சுக் குடுத்துருக்கார்.

அப்படியே நடந்து வந்தவர் ஊத்தங்கரை பஸ்ல என்னைப் பார்த்தார். ஆமா, நானும்தான் உக்காந்திருந்தேன். என் ஓட்டு கல்லாவியில இருந்துச்சு. கல்யாணம் ஆகி இத்தனை வருசம் ஆகியும் நான் மாத்தலை. கட்டுனவன் இப்படி ஊர் சுத்துறவனா இருந்தா, பொம்பளைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு இடம் வேணுமில்ல? ஓட்டு இருக்கற வரைக்கும் அது என் ஊர். அந்த வருசம் எங்க அண்ணனும் வார்டு மெம்பருக்கு நின்னுச்சு. இவருக்கு இதெல்லாம் தெரியும். ஜன்னல்கிட்ட வந்து, சாப்பாடு எடுத்துக்கிட்டியான்னு மட்டும் கேட்டார். என் ஓட்டை அவர் ஒரு நாளும் என்கிட்டக் கேட்டதே இல்லை. பஸ் கிளம்பினப்புறம் அதை நினைச்சு எழுந்து கம்பியைப் பிடிச்சேன். ஆனா இறங்கலை.

எங்க அண்ணன் ஜெயிச்சுச்சு. இவர் தோத்தார். ராஜப்பன் வீடு தேடி வந்து லட்டு குடுத்து, நீ நிக்கலேன்னா எனக்குத் தேர்தலே ருசிக்காது மாடசாமின்னு தோள்ல தட்டிட்டுப் போனார். இவரும் ஈன்னு இளிச்சுக்கிட்டு லட்டைத் தின்னார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். சாமி படத்துக்கு முன்னாடி சூடத்தைக் கொளுத்தி, அவர் கையை இழுத்து என் தலைமேல வெச்சேன். இனிமேத் தேர்தல் கிடையாது, மனு கிடையாது, ஊர் வேலைக்கு எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்கக் கூடாது, ராத்திரிச் சோறு வீட்டுல. ஒவ்வொண்ணாச் சொன்னேன், ஒவ்வொண்ணாச் சொல்லிச் சத்தியம் பண்ணார். நான் செஞ்சது சரிதான். இப்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

சத்தியத்தைக் காப்பாத்துறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. இருட்டினதும் கடையைச் சாத்திட்டுத் தட்டு முன்னாடி வந்து உக்காந்துடுவார். நான் ஏங்கின ஏக்கமெல்லாம் தீர்ந்துதுன்னு பார்த்தா, கொஞ்ச நாள்லயே எனக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. ஊரைப் பார்த்த மனுசனுக்கு வீடு போதுமா? வீட்டையே வார்டு மாதிரி சுத்திப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். குடத்தை வரிசையா வைக்கலையே. மிக்ஸி சத்தம் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு. சமையல்கட்டுல தண்ணி தேங்குது, கொசு வந்துரும். லாவண்யா பாடப் புஸ்தகத்துக்குள்ள தலையை விட்டுக்குவா. நான் ஒருத்திதான் பொதுமக்கள், நான் ஒருத்திதான் அதிகாரி. போங்கய்யான்னு கத்தினா முகம் சுருங்கிப் போயிடும். அப்புறம் பேச்சே குறைஞ்சு போச்சு. சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூடத் தெரியாம சாப்பிட்டுட்டுப் போய்ப் படுப்பார். மனுசன் எதிர்லதான் உக்காந்திருக்கார், ஆனா ஆள் இல்லை.

சனங்க விடுமா? வழக்கம் போல வந்துச்சு. இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்குச் சத்தியம் இருக்கு. எதா இருந்தாலும் பூங்கொடிகிட்டக் கேளுங்க"ன்னு என்னைக் காட்டி அனுப்பிடுவார். ஒரு நாள் லைன் வீட்டு சரஸ்வதி அழுதுக்கிட்டே வந்தா. அதே திருநெல்வேலி பஸ்ல போனவதான். சாக்கடைத் தண்ணி அவ வீட்டுக்குள்ள ஏறிப் பச்சப் புள்ளைக்குக் காய்ச்சல். இவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் திண்டாடறார். ஒரு கால் செருப்புல, ஒரு கால் வீட்டுக்குள்ள. எனக்கு வந்த கோபத்துல, நீங்க இருங்க, உங்க சத்தியத்தைக் கெடுத்துக்க வேண்டாம்னு சொல்லிட்டு நான் கிளம்பிட்டேன். நல்ல எண்ணமெல்லாம் ஒண்ணுமில்லை. அவர் வாக்கு கெட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

நகராட்சி ஆபீசுல என்ஜினீயர், அந்த ஏ.இ., சாவகாசமா டீ குடிச்சிட்டிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம்மான்னார். உங்க டீயில அந்தத் தண்ணி ஒரு சொட்டு விழுந்தா நாளைக்குப் பார்ப்பீங்களான்னு கேட்டேன். பேந்தப் பேந்த முழிச்சார். நான் தமிழ்ல ஆரம்பிச்சு, பக்கத்துல நின்ன மேஸ்திரிக்குப் புரியட்டும்னு தெலுங்குல ரெண்டு விட்டு, முடிக்கறப்பக் கன்னடத்துல முடிச்சேன். ஓசூர்ல இருந்தா மூணு பாஷையிலயும் முதல்ல திட்டத்தான் வரும். மத்தியானமே ஆள் வந்து அடைப்பை எடுத்துட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி சோத்தைப் போட்டுட்டு உக்காந்தா, இவர் கையை நனைக்கவே இல்லை. ஏ.இ. என்ன சொன்னார்? யாரு, கண்ணாடி போட்டவரா? ஃபேன் ஓடுச்சா? நீ உக்காந்து பேசினியா, நின்னு பேசினியா? உக்காந்து பேசியிருக்கணும், நின்னு பேசினா அனுப்பத்தான் பார்ப்பாங்க. கண்ணு ரெண்டும் பளபளங்குது. நான் சொல்லச் சொல்ல அவர் சிரிக்க, அவர் சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல, சோறு ஆறிப் போனது ரெண்டு பேருக்குமே தெரியலை. கல்யாணத்துக்கு முன்னாடி கன்வேயர் பக்கத்துல நின்னு பேசினதுக்கு அப்புறம் நாங்க அவ்வளவு பேசினது அன்னைக்குத்தான்.

அது பழக்கமாயிடுச்சு. பகல்ல நான் போறது, ராத்திரி அவர் கேக்கறது. இடையில பல வருசம் தேர்தலே நடக்கலை, ஊர்ல கவுன்சிலர்னே ஒருத்தரும் இல்லை. என் வேலை ரெண்டு மடங்கு ஆச்சு. ராஜப்பனே ஒரு நாள் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தார். அவர் தெரு லைட்டு எரியலையாம், ஆபீசுல முன்னாள் கவுன்சிலரை யாரும் மதிக்கலையாம். எங்க வீட்டுக்காரர் உள்ள உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறார். நான் ஒரு வாரம் ராஜப்பனை அலைய விட்டுட்டுத்தான் லைட்டைப் போட வெச்சேன். பழைய கணக்கு மனசுல இருக்குமில்ல?

லாவண்யாவைக் கட்டிக் குடுத்து, ஊரும் மாநகராட்சி ஆனப்புறம் ஒரு வழியாத் தேர்தல் வரப் போகுதுன்னு சேதி வந்துச்சு. எங்க வார்டு பெண்களுக்கு. ராஜப்பன் தன் மருமக அருணாவை நிறுத்தப் போறதாச் சொல்லிட்டார். படிச்ச பொண்ணு, நல்ல பொண்ணு. அன்னைக்குச் சாயங்காலமே சரஸ்வதி லைன் வீட்டுப் பொம்பளைங்களோட எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டா. அவங்க ஊர்ல அண்ணியை மைனிம்பாங்க. நீங்கதான் நிக்கணும் மைனின்னு உக்காந்துக்கிட்டாங்க. இந்த வீட்டுல தேர்தல் பேச்சே கிடையாது, சத்தியம் ஆயிருக்குன்னு நான் குதிச்சேன்.

சரஸ்வதி விடலை. "சத்தியம் அண்ணாச்சிக்குத்தான மைனி? உங்களுக்கு என்ன?"ன்னு கேட்டா.

திரும்பி அவரைப் பார்த்தேன். குதிச்சுக்கிட்டு சரிம்பார்னு நினைச்சேன். அவர் காயில் கம்பியை விரல்ல சுத்திக்கிட்டு உக்காந்திருக்கார்.

"ஏட்டி, நீயும் போயிட்டா நான் யாரோட உக்காந்து சாப்பிட?"ன்னார்.

நான் எத்தனை வருசம் சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அவர் வாயில வந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் முதல்ல வந்துச்சு. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அழுகை வந்துருச்சு. பொம்பளைங்க எல்லாம் என்னவோ ஏதோன்னு எழுந்துட்டாங்க. நிக்க மாட்டேன், நீங்க கவலைப்படாதீங்கன்னேன். அவர் கம்பியைக் கீழ வெச்சுட்டு, நில்லுன்னுட்டார். உன்னை நிக்க விடலேன்னா நாளைக்கு சாக்கடை அடைச்சா என் சோறு இறங்காதுன்னார்.

நிக்கணும்னா என் பேர் இங்க இருக்கணும். கல்லாவி ஓட்டை மாத்தியாகணும். அந்த விண்ணப்பத்தை நிரப்பறப்பப் பக்கத்துல உக்காந்து எட்டி எட்டிப் பார்க்கறார். இனி நீ கோவிச்சுக்கிட்டு எங்க போவேன்னு கேட்டார். இனிமே நீங்க கோவிச்சுக்கிட்டுப் போங்க, நான் இங்கதான் இருப்பேன்னேன். பகடியாத்தான் சொன்னேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பழைய விலாசத்தை ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன்.

சரஸ்வதிதான் அடுத்து முரண்டு பிடிச்சா. ஓட்டை மாத்திட்டா ஊர்ல என்னை விருந்தாளியாக்கிருவாவ மைனி, கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேக்க மாட்டாவன்னா. அவ சொல்றது எனக்குத் தெரியாதா? அதே காரணத்துக்குத்தானே நானும் வெச்சிருந்தேன். என் புது அட்டையைக் காட்டி, நான் கல்லாவியை விட்டுட்டேன், உன் புள்ளை இங்கதானடி நடை பழகுச்சுன்னேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டு மாத்தினா. அவ மாத்தினதும் அந்த லைனே மாத்துச்சு.

எனக்குக் கத்தரிக்கோல் சின்னம். அக்கா வாய்க்கு ஏத்த சின்னம்னு காலனியே கிண்டல் பண்ணுச்சு. எங்க வீட்டுக்காரர் பிரச்சாரத்துக்கு ஒரு அடி எடுத்து வைக்கலை. சத்தியம். கடையில உக்காந்து காயில் கட்டுவார், மைக் வண்டி போறப்ப மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஓட்டுப் போடற அன்னைக்கு வரிசையில எனக்குப் பின்னாடி நின்னார். வெளிய வந்து மை வெச்ச விரலைப் பார்த்துக்கிட்டே, இத்தனை நாளா எனக்கே போட்டு எனக்கே போட்டுச் சலிச்சுப் போச்சு பூங்கொடி, இன்னைக்குத்தான் ஒரு நல்ல ஆளுக்குப் போட்டேன்னார். எனக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சு.

போதும்னு சொன்னாலும் ஜெயிச்சுட்டேன். ராஜப்பன் வாழ்த்துச் சொல்ல வந்தார். இந்தத் தடவை லட்டு அவருக்கு நாங்க குடுத்தோம்.

பதவிப் பிரமாணம் அன்னைக்கு இவர் மாநகராட்சி ஆபீஸ் கேட்டோட நின்னுட்டார். உள்ள வாங்கன்னா, ஆபீஸ் வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்லன்னார். நான் மட்டும் போய்ப் படிச்சு, கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் சாப்பாட்டுக்குக் கலைஞ்சதும் வெளிய வந்தா, வெயில்ல அதே இடத்துல நிக்கறார். சேர் எப்படி இருக்குன்னு கேட்டார். நான் என்னத்தைக் கண்டேன், எழுந்து எழுந்து நின்னதுதான் மிச்சம்னேன். அவர் தலையாட்டிக்கிட்டார். அந்த நாற்காலிக்காக மூணு தடவை தெருத் தெருவாக் கும்பிட்டவர். அது எப்படி இருக்கும்னு அவருக்கு இன்னும் தெரியாது.

கையைப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேன்னார்.

"சத்தியம் வாங்கினவ நான். விடறவளும் நான்தான். வாங்க உள்ள."

கூட்ட மண்டபத்துல ஒருத்தரும் இல்லை. என் நாற்காலியைக் காட்டி உக்காரச் சொன்னேன். செருப்பை வெளிய கழட்டிட்டு வந்திருக்கார் மனுசன், கோவில் மாதிரி. மெதுவா உக்காந்தார். முன்னால இருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்தார். அது வேலை செய்யலை. அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு எழுந்து நின்னு, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சுட்டார். ஜெயிச்சு வந்தா முதல் கூட்டத்துல பேசணும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தது. தோத்தும் மறக்கலை. நான் எதிர் வரிசையில உக்காந்து கேட்டேன்.

மூன்றாவது குறுக்குத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு மக்கள் அவதிப்படுகிறார்கள்னார். அது எப்பவோ எடுத்தாச்சுன்னேன். ரேஷன் கடைக் கூரை ஒழுகுகிறதுன்னார். போன மழைக்கு முன்னாடியே மாத்தியாச்சு. பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குக் கதவு இல்லைன்னார். கதவும் போட்டாச்சு, தாழ்ப்பாளும் போட்டாச்சு. ஒவ்வொண்ணுக்கும் அவர் குரல் இறங்கிக்கிட்டே வருது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அவர் சிரிக்கலை. நாற்காலியில சாஞ்சு உக்காந்துட்டார்.

"அப்ப எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கலியா நீ?"ன்னு கேட்டார்.

என் சிரிப்பு நின்னு போச்சு. இத்தனை வருசம் ராத்திரி ராத்திரி நான் சொன்னதை எல்லாம் அவர் சந்தோசமாத்தான் கேட்டார். ஆனா அதெல்லாம் அவர் கை வெச்சிருக்க வேண்டிய வேலை. அது எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

ஒண்ணு இருக்குன்னேன். ரெண்டாவது ஷிப்டு முடிச்சு வர்ற பொண்ணுங்களை டவுன் பஸ்ஸுக்காரன் மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுட்டுப் போயிடறான். காலனிக்குள்ள வர மாட்டேங்கறான். நானும் டிப்போவுக்கு அலைஞ்சு அலைஞ்சு பார்த்துட்டேன், மேனேஜர் அசையலை. என் சத்தத்துக்கு எல்லாரும் பயந்தாங்க, அந்த ஆள் ஒருத்தர் மட்டும் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அதை உங்களால முடியுமான்னு கேட்டேன்.

அவர் நிமிர்ந்து உக்காந்தார். பஸ் எந்த இடத்துல திரும்புது? திரும்ப இடம் இல்லைங்கறானா, டீசல் இல்லைங்கறானா? டிரைவர் யாரு, நம்ம ராயக்கோட்டைக்காரனா? அவன் வீட்டு மோட்டாருக்கு நான்தான காயில் கட்டினேன்னு கேட்டுக்கிட்டே எழுந்தார். கேட்டுக்கிட்டே வாசலுக்குப் போனார். ஒரு காலைச் செருப்புல நுழைச்சு, இன்னொரு செருப்பை வராண்டாவுல ஓடிக்கிட்டே மாட்டினார். அந்த நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதை உள்ள தள்ளி வெச்சதே நான்தான்.

"ஏங்க, நில்லுங்க. கவுன்சிலர் நான்தான், நானில்லாம அங்க போய் என்ன பேசுவீங்க?"ன்னு கத்திக்கிட்டு நானும் பின்னாடி ஓடினேன்.

கேட்டுக்கு வெளிய வண்டியை உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு எனக்காக நின்னார். அவர் அரசியலுக்கு வந்து இருபது வருசம் ஆச்சு, ஊர் வேலைக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போறது அதுதான் முதல் தடவை. பின்னாடி ஏறி உக்காந்து அவர் தோளைப் பிடிச்சுக்கிட்டேன். மேனேஜர்கிட்ட முதல்ல யார் பேசறதுன்னு டிப்போ வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே போனோம்.